வீட்டுக் கொல்லையில் லேத்து: இறக்குவதிலிருந்து முதல் ஓட்டம் வரை

கும்பகோணம், நாச்சியார்கோவில், திருவாரூர் வட்டாரத்தில் வீட்டோடு சேர்ந்த பட்டறைக்குப் பழைய லேத்து வாங்குகிறவர்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது என்னைக் கூப்பிடுகிறார்கள். ஒருவருக்கு விளக்குத் தண்டு கடைய வேண்டும், இன்னொருவருக்குப் பம்ப் ஷாஃப்ட் வேலை. கூப்பிடும்போது பெரும்பாலும் லாரி தெருமுனையில் வந்து நிற்கும். தளம் போட்டிருக்க மாட்டார்கள். எர்த் குழி இருக்காது. வீட்டில் இருப்பது சிங்கிள் பேஸ் என்பதே அப்போதுதான் பேச்சில் வரும்.

நான் பார்த்த தவறுகளில் அநேகமாக எல்லாமே வரிசை மாறியதால் வந்தவை. அதனால் கீழே உள்ள படிகளை எழுதிய வரிசையிலேயே செய்யுங்கள். உதாரணத்துக்கு ஆறடி லேத்தை எடுத்துக்கொள்கிறேன். எடை 1 டன் அளவில் இருக்கும், கனமான மாடல் என்றால் 1.5 டன்கூட வரும். மில்லிங், ஷேப்பர், பவர் பிரஸ் எதுவானாலும் வரிசை இதேதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று பேஸ் வயரிங்கை உரிமம் உள்ளவரை வைத்துத்தான் செய்ய வேண்டும். அவர் செய்தது சரியா என்று உங்களுக்குப் பார்க்கத் தெரிய வேண்டும், எதைக் கேட்டு வாங்குவது என்றும் தெரிய வேண்டும். மின்சாரம் பற்றிய பகுதிகளை அதற்காகத்தான் எழுதியிருக்கிறேன்.

1. பணம் கொடுக்கும் முன் மோட்டார் தகட்டைப் படியுங்கள்

மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டைத் துடைத்துவிட்டுப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எச்.பி. அல்லது கிலோவாட், வோல்ட், ஆம்ப்ஸ், உள்ளே வைண்டிங்கை இணைத்திருக்கும் முறை ஸ்டாரா டெல்டாவா என்ற இந்த நான்கும்தான் பிறகு வரும் எல்லா முடிவுக்கும் அடிப்படை.

415 வோல்ட்டில் 3 எச்.பி. மோட்டார் முழுச் சுமையில் ஏறத்தாழ 5 ஆம்ப்ஸ் இழுக்கும், 5 எச்.பி. மோட்டார் 7.5 முதல் 8 ஆம்ப்ஸ். நேரடியாக ஸ்டார்ட் செய்யும் கணத்தில் இதைப்போல் ஆறு மடங்கு வரை போகும். எம்.சி.பி. (கரண்ட் அதிகமானால் தானே விழும் சுவிட்ச்) தேர்வு, கேபிள் தடிமன், ஓவர்லோடு செட்டிங் எல்லாம் இந்த எண்ணிலிருந்துதான் வரும்.

தகடு இல்லை, அழிந்துவிட்டது என்றால் ரீவைண்டிங் கடைக்காரரிடம் காட்டுங்கள். அவர் கம்பியின் தடிமனையும் சுற்றையும் வைத்து ஓரளவு சரியாகச் சொல்லிவிடுவார். விற்பவர் வாயால் சொல்வதை வைத்து கேபிள் வாங்க வேண்டாம்.

2. மின் இணைப்பு: இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும்

மூன்று பேஸ் இணைப்புக்கு ஈ.பி. அலுவலகத்தில் மனு கொடுத்து, அவர்கள் வந்து பார்த்து, தேவைப்பட்டால் போஸ்ட் நட்டு, மீட்டர் வைக்க வேண்டும். அதற்கு எத்தனை நாள் ஆகும் என்பது உங்கள் கையில் இல்லை. ஆகவே லேத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் நாளிலேயே மனுவையும் கொடுத்துவிடுங்கள்.

குடிசைத் தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது. உங்கள் மொத்த லோடு எவ்வளவு என்று எழுதிக்கொண்டு போய் எந்தப் பிரிவில் வரும் என்று கேளுங்கள். லேத்தோடு வெல்டிங் மெஷின், கிரைண்டர், கம்ப்ரஸர் என்று பிறகு வாங்கப்போவதையும் சேர்த்தே லோடு சொல்லுங்கள். இரண்டாவது முறை மனுப் போடும் அலைச்சல் மிச்சம்.

காவிரி டெல்டாவில் மட்டும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கொல்லையில் போர்செட்டுக்கு மூணு பேஸ் இருக்கே, அதுல இருந்து ஒரு லைன் இழுத்துக்கலாமா?" கூடாது. விவசாய இலவச இணைப்பில் பட்டறை ஓட்டுவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு, அபராதக் கட்டணம் வரும். வீட்டு இணைப்பில் தொழில் செய்வதும் அதே கணக்குத்தான். போர்செட் லைனில் எல்லா நேரமும் மூன்று பேஸ் வரும் என்ற உறுதியும் கிடையாது.

சிங்கிள் பேஸை வைத்துக்கொண்டு, அதை மூன்று பேஸாக மாற்றித் தரும் வி.எஃப்.டி. கருவி மூலம் ஓட்டலாம் என்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 230 வோல்ட் உள்ளே போகும் சாதாரண வி.எஃப்.டி. 230 வோல்ட்டுக்கு மேல் வெளியே தராது. நம் ஊர் மோட்டார்களில் 2 எச்.பி. வரை பெரும்பாலும் 415 வோல்ட் ஸ்டார். அதை டெல்டாவாக மாற்றினால் 230-240 வோல்ட்டில் முழு பலத்தோடு ஓடும். 3 எச்.பி.யும் அதற்கு மேலும் பெரும்பாலும் 415 வோல்ட் டெல்டாவாகவே வரும், அதைக் குறைந்த வோல்ட்டுக்கு மாற்ற வழியில்லை. அதை 230 வோல்ட்டில் ஓட்டினால் பலம் இல்லாமல் சூடேறும். முதல் படியில் தகட்டைப் படிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு பேஸ் மட்டும் வரும் நேரத்தில் கண்டென்சர் போட்டுப் பம்ப் ஓட்டும் பழக்கம் நம் பக்கம் பரவலாக உண்டு. லேத்துக்கு அதைச் செய்யாதீர்கள். பம்பின் சுமை ஓரளவு ஒரே சீராக இருக்கும், லேத்தின் சுமை ஒவ்வொரு வெட்டுக்கும் மாறும். வைண்டிங் தாங்காது.

3. வழியை நடந்து அளந்து பாருங்கள்

மெயின் ரோட்டிலிருந்து லேத்து உட்காரப்போகும் இடம்வரை டேப்போடு ஒருமுறை நடங்கள். தெருவின் அகலம், வாய்க்கால் பாலம், கேட், நிலைவாசல், படி, திருப்பம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். லேத்தின் அகலத்தைவிட வாசல் அரை அடியாவது அதிகமாக இருக்க வேண்டும். பக்கத்தில் கை வைக்க இடமில்லாமல் உருட்டும்போதுதான் விரல் நசுங்குகிறது.

வாய்க்கால் பாலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். லேத்தைத் தாங்குகிற பாலம் ஹைட்ரா கிரேனைத் தாங்கும் என்று சொல்ல முடியாது, கிரேனின் சொந்த எடை லேத்தைப்போல் பல மடங்கு. ஊருக்குள் இருக்கும் பழைய குறுகிய பாலம் என்றால் கிரேனை மெயின் ரோட்டில் நிறுத்தி லேத்தை டிராக்டர் டிரெய்லருக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள்.

மேலேயும் பாருங்கள். தெருவில் தாழ்வாகத் தொங்கும் ஈ.பி. லைனுக்குக் கீழே கிரேனின் பூமை (தூக்கும் கையை) உயர்த்துவது உயிர்போகும் காரியம். கம்பியைத் தொடாமலே போய்விடலாம் என்று ஆபரேட்டர் சொல்வார், ஆனால் லோடு ஆடும்போது பூமும் ஆடும். வேறு இடம் இல்லையென்றால் ஈ.பி.யில் எழுதிக் கொடுத்து எல்.சி. (லைனை நிறுத்தித் தரும் அனுமதி) வாங்கி, லைன் ஆஃப் ஆனதை லைன்மேன் உறுதி செய்த பிறகே தூக்க வேண்டும்.

சம்பா அறுவடை முடிந்த மாசி, பங்குனிதான் இந்த வேலைக்கு நல்ல காலம். மண்பாதை காய்ந்திருக்கும், வண்டி புதையாது, தளமும் நன்றாக இறுகும்.

4. தளம்: களிமண்ணை நம்பாதீர்கள்

டெல்டா மண்ணில் களி அதிகம். சித்திரையில் வெடிக்கும், ஐப்பசியில் ஊறி உப்பும். வீட்டுச் சுவருக்கு அது ஒரு சின்ன விரிசல். லேத்துக்கோ அதன் நீளமான அடிப்பகுதியான படுக்கை முறுக்கிக்கொண்டு, நேராகக் கடைய வேண்டியது கூம்பாகப் போகும்.

லேத்தின் அடியளவைவிட ஒவ்வொரு பக்கமும் ஓர் அடி கூடுதலாக எடுத்து, இரண்டு அடி ஆழம் களியை வெட்டி வெளியே போடுங்கள். ஆறு அங்குலம் ஆறு அங்குலமாக மணலோ கிராவலோ கொட்டித் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்குங்கள். அதன்மேல் எட்டு அங்குலக் கான்கிரீட், எம்-20 கலவை, கீழும் மேலும் கம்பி வலை. இந்தத் தளத்தைச் சுற்றுச் சுவரோடும் பழைய தரையோடும் ஒட்டவிடாமல் அரை அங்குல இடைவெளி விடுங்கள். சுவர் அசைந்தால் லேத்து அசையக் கூடாது.

பவுண்டேஷன் போல்ட்டுக்கு முன்கூட்டியே குழி விட்டுவிடுங்கள். லேத்தின் கால் ஓட்டைகளை அட்டையில் பிரதி எடுத்து, அதை வைத்துக் குழியின் இடத்தைக் குறிக்கலாம்.

கான்கிரீட் முழு பலம் பெற 28 நாள் வேண்டும். ஏழு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் வந்திருக்கும். மேஸ்திரி பத்து நாள் போதும் என்பார். நான் 28 நாளுக்குக் குறைந்து ஏற்றுவதில்லை, அத்தனை நாளும் எர்த் வேலைக்கும் வயரிங் பைப் பதிக்கவும் தேவைப்படுகிறது.

கீற்றுக் கொட்டகைக்கு அடியில் பட்டறை வைக்க வேண்டாம். கிரைண்டர் பொறி ஒன்று போதும்.

5. எர்த்: லேத்து வரும் முன்பே முடிக்க வேண்டியது

எல்லோரும் இதைக் கடைசியாகச் செய்கிறார்கள், சிலர் செய்வதே இல்லை. லேத்து தளத்தில் உட்கார்ந்துவிட்டால் ஓட்டிப் பார்க்கும் அவசரம் வந்துவிடும். "ரெண்டு நாள்ல எர்த் போட்டுக்கலாம்" என்று ஆரம்பிப்பது இரண்டு வருடம் அப்படியே நிற்கும்.

மூன்று பேஸ் மோட்டாரின் உடலுக்குத் தனித்தனியான இரண்டு எர்த் இணைப்பு வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறை சொல்கிறது. ஒன்று துருப்பிடித்து அறுந்தால் மற்றது இருக்க வேண்டும் என்பதே காரணம். எனவே இரண்டு குழி. கட்டடத்திலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி, ஒன்றுக்கொன்று 5 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். 40 மி.மீ. ஜி.ஐ. பைப் 2.5 மீட்டர் நீளம், சுற்றிலும் கரியும் உப்பும், மேலே தண்ணீர் ஊற்றப் புனல், சிமெண்ட் மூடி.

குழியை அசல் மண்ணில் வெட்டுங்கள். வீட்டு மனையை உயர்த்துவதற்காகக் கொட்டிய மணலில் வெட்டினால் கோடையில் அது காய்ந்து எர்த் செத்துவிடும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் மணல் திட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. மண்ணும் காயும், உப்புக் காற்றில் ஜி.ஐ. கிளாம்பும் சீக்கிரம் அரிக்கும்.

இப்போது ஒரு பெரிய தவறான நம்பிக்கையைப் பற்றிச் சொல்கிறேன். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் பல்பைப் போட்டு, பளிச்சென்று எரிந்தால் எர்த் நன்றாக இருக்கிறது என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் பல்பின் தடை சுமார் 530 ஓம். உங்கள் எர்த்தின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம், அது மோசமான எர்த். அப்போதும் பல்புக்கு 210 வோல்ட் கிடைக்கும், பளிச்சென்றே எரியும்.

அதே 50 ஓம் எர்த்தை நம்பி லேத்தை ஓட்டும்போது ஒரு பேஸ் வயர் உரசி உடலைத் தொட்டால் 230-ஐ 50-ஆல் வகுத்த 4.6 ஆம்ப்ஸ்தான் ஓடும். 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி. அதைப் பொருட்படுத்தவே செய்யாது. லேத்தின் உடலில் கிட்டத்தட்ட முழு வோல்டேஜ் நின்றுகொண்டே இருக்கும், நீங்கள் ஈரக் கையோடு கைப்பிடியைப் பிடிப்பீர்கள்.

ஆகவே பல்பை விட்டுவிட்டு எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அளந்த எண்ணைத் தேதியோடு சுவரில் எழுதி வையுங்கள். இரண்டு குழியையும் இணைத்து 5 ஓமுக்குக் கீழ் வரும்வரை நான் விடுவதில்லை. நிலத்தடி நீர் மேலே இருக்கும் ஊர்களில் அது கடினமும் இல்லை. நியூட்ரலை எர்த்தாகப் பயன்படுத்துவது வேண்டவே வேண்டாம். வெளியே போஸ்ட்டில் நியூட்ரல் அறுந்தால் லேத்து முழுக்க கரண்ட் வரும்.

6. வண்டியிலிருந்து இறக்குவது

வாடகை குறைவு என்று குட்டியானையில் ஏற்றுகிறார்கள். அதன் தாங்கும் எடை முக்கால் டன் அளவுதான், ஆறடி லேத்து அதைத் தாண்டிவிடும். லேத்தின் எடை, கடையும் பொருளைப் பிடித்துச் சுற்றும் தலைப்பக்கத்தில் குவிந்து, உயரமாகவும் இருக்கும். வளைவில் வண்டி சாய்ந்தால் நிமிராது. பெரிய வண்டி எடுங்கள். லேத்தைப் பலகையில் போல்ட் போட்டு, நான்கு பக்கமும் செயின் கட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

தூக்கும் பெல்ட்டில் நிறத்துக்கு ஓர் அர்த்தம் உண்டு. ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன். ஒரு டன் லேத்துக்கு ஊதா போதும் என்று எண்ண வேண்டாம். பெல்ட்டின் இரண்டு கால்களும் விரிய விரிய ஒவ்வொன்றிலும் இழுவை கூடும். நேராக நின்றால் ஆளுக்குப் பாதி எடை, இரண்டுக்கும் நடுவே 120 டிகிரி விரிந்தால் ஒவ்வொன்றும் முழு எடையைத் தாங்கும். நான் பச்சைக்குக் குறைந்து எடுப்பதில்லை, கால்களுக்கு நடுவே 60 டிகிரிக்கு மேல் விரியவும் விடுவதில்லை.

பெல்ட்டைப் படுக்கையின் குறுக்கு விலாக்களுக்கு அடியில் கொடுங்கள். படுக்கையின் முன்னால் ஓடும் நீளத் தண்டுகளான லீட் ஸ்க்ரூ, ஃபீட் ராடு இரண்டின்மேலும் பெல்ட் அழுந்தக் கூடாது. அழுந்தினால் வளையும், வளைந்ததை நிமிர்த்த முடியாது. கூர்மையான விளிம்பில் பழைய டயர் துண்டு வையுங்கள். தலைப்பக்கத்தில் சுற்றும் தண்டான ஸ்பிண்டிலில் கயிறு கட்டித் தூக்குவது பேரிங்கைக் கெடுக்கும்.

தூக்கும் முன், டூலைத் தாங்கும் சாடிலையும் மறுமுனையில் பொருளைத் தாங்கும் டெயில் ஸ்டாக்கையும் தலைக்கு எதிர்முனைக்குத் தள்ளி இறுக்கிக் கட்டுங்கள், தலையின் எடையை ஓரளவு சரிக்கட்டும். முதலில் இரண்டு அங்குலம் மட்டும் தூக்கி நிறுத்தி, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, இறக்கி, பெல்ட்டை நகர்த்தி மறுபடி தூக்குங்கள். இரண்டு மூன்று தடவை ஆகும், அவசரப்படுத்தாதீர்கள்.

தொங்கும் லேத்தைக் கையால் பிடித்துத் திருப்ப வேண்டாம். இரண்டு முனையிலும் கயிறு கட்டித் தள்ளி நின்று திருப்புங்கள். சாய ஆரம்பித்தால் பிடிக்கப் போகாமல் விலகிவிட வேண்டும் என்று கூட நிற்கும் எல்லோரிடமும் முன்பே சொல்லுங்கள். ஒரு டன்னை நான்கு பேர் சேர்ந்தாலும் நிறுத்த முடியாது. வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைத் திண்ணைக்கு அனுப்புங்கள்.

7. உருட்டி உள்ளே கொண்டுபோவது

கிரேன் போக முடியாத இடத்துக்குப் பைப்பும் கடப்பாரையும்தான். ஒன்றரை அங்குல ஜி.ஐ. சி கிளாஸ் பைப் ஐந்து, லேத்தின் அகலத்தைவிட ஓர் அடி நீளமாக. மண் தரையென்றால் அடியில் பலகையோ தகடோ போட வேண்டும், இல்லாவிட்டால் பைப் புதைந்து நின்றுவிடும். சவுக்குக் கட்டை கிடைக்கிறதே என்று உருளையாகப் போடுவார்கள். அது ஒரே தடிமனாக இருக்காது, லேத்து ஒரு பக்கம் இறங்கும். நெம்புவதற்குத் தாங்கு கட்டையாக மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

லேத்துக்கு அடியில் எப்போதும் மூன்று பைப் இருக்க வேண்டும். பின்னால் ஒன்று வெளியே வந்த பிறகே அதை எடுத்து முன்னால் போடுங்கள். பைப்பின் நுனியைப் பிடித்து எடுங்கள், ஓட்டைக்குள் விரலை விடக் கூடாது. திருப்பத்தில் முன் பைப்பைக் கொஞ்சம் கோணலாகப் போட்டால் லேத்து தானாகத் திரும்பும்.

படியோ வாட்டமோ இருந்தால் தள்ளுவதை நிறுத்திவிட்டு, மேலே உறுதியான பிடிமானத்தில் செயின் பிளாக் மாட்டி இழுங்கள், இறக்கத்திலும் அதையே மாட்டித் தளர்த்தித் தளர்த்தி விடுங்கள். டிராக்டரில் கயிறு கட்டி இழுப்பதை நான் ஒருமுறை பார்த்தேன். கிளட்ச் விட்ட வெட்டில் லேத்து பைப்பிலிருந்து நழுவி நிலைப்படியில் தலைகுப்புறச் சாய்ந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் கியர் பாக்ஸ் வார்ப்பு பிளந்துவிட்டது. வார்ப்பிரும்பு ஒட்டி வேலை வாங்கும் பொருள் இல்லை.

தளத்தில் வந்ததும் பைப்பை எடுக்க ஒரு முனையை ஓர் அங்குலம் நெம்பித் தூக்குங்கள், உடனே ஓர் அங்குலக் கட்டை கொடுங்கள். அடுத்து மறுமுனை. கட்டை கொடுக்காமல் கடப்பாரையின் பலத்திலேயே நிறுத்திக்கொண்டு கையை அடியில் விடவே கூடாது.

8. மட்டம் பார்ப்பது

மேஸ்திரி வைத்திருக்கும் ரசமட்டம் இதற்குப் போதாது. மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் மெஷின் லெவல் வேண்டும், விலை அதிகம், வாடகைக்கோ இரவலுக்கோ வாங்கிக்கொள்ளலாம். படுக்கையின் குறுக்கே முதலில் தலைப்பக்கம், அப்புறம் டெயில் பக்கம் வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் குமிழி ஒரே இடத்தில் நிற்பதுதான் முக்கியம், நீளவாக்கில் சிறு வித்தியாசம் இருந்தால் பாதகமில்லை. காலடியில் தகட்டுத் துண்டு கொடுத்துச் சரிசெய்யுங்கள், மர ஆப்பு ஈரத்தில் ஊறும்.

போல்ட் குழியில் கலவை ஊற்றி, இறுகிய பின் போல்ட்டை முடுக்கி மறுபடி பாருங்கள். முடுக்கும்போது மட்டம் நிச்சயம் மாறும்.

9. மோட்டாருக்கு மெகர்

மழைக்காலத்தில் யாருடைய கொட்டகையிலோ கிடந்த மோட்டார் ஈரம் குடித்திருக்கும். வைண்டிங்கின் காப்பை அளக்கும் கருவியான 500 வோல்ட் மெகரில் ஒவ்வொரு வைண்டிங்குக்கும் உடலுக்கும் நடுவே குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். குறைந்தால் மூடியைக் கழற்றி இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்துக் காயவிட்டு மறுபடி அளங்கள். அப்போதும் ஏறாவிட்டால் ரீவைண்டிங் கடைக்கு அனுப்புங்கள். ஓடினால் சூட்டில் தானே காய்ந்துவிடும் என்று ஓட்டிப் பார்த்து எரித்தவர்கள் உண்டு.

10. வயரிங்

இப்போதுதான் வயர்மேனைக் கூப்பிட வேண்டும். மெயின் போர்டை எந்த உயரத்தில் வைப்பது என்பது முதல் கேள்வி. வீட்டுப் பெரியவர்களிடம் வெள்ளம் எதுவரை வந்தது என்று கேட்டு, அதற்கு இரண்டு அடி மேலே வையுங்கள். எட்டாத உயரம் என்றால் பட்டறைத் தரையையே உயர்த்த வேண்டியிருக்கும், அதைத் தளம் போடும்போதே யோசித்துவிடுங்கள்.

மீட்டருக்கு அடுத்து நான்கு போல் மெயின் ஐசொலேட்டர். அடுத்து, கரண்ட் கசிந்தால் விழும் நான்கு போல் ஆர்.சி.சி.பி., 30 மில்லி ஆம்ப்ஸ். எர்த் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இது வேண்டும். கசிவு சிறிதாக இருக்கும்போதே துண்டிப்பது இது ஒன்றுதான், எம்.சி.பி.க்கு அது தெரியாது. ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கிறது என்று இதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துக் கொடுக்கும் வயர்மேனை அடுத்த முறை கூப்பிடாதீர்கள். ட்ரிப் ஆனால் எங்கோ கசிகிறது, தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்புறம் ஒவ்வொரு மெஷினுக்கும் தனி எம்.சி.பி. 5 எச்.பி. லேத்துக்கு 16 ஆம்ப்ஸ், மூன்று போல், சி வகை. பி வகை போட்டால் ஸ்டார்ட் ஆகும்போதே விழலாம். வெல்டிங் மெஷினுக்குத் தனி லைன்.

கேபிள் 2.5 சதுர மி.மீ. செம்பு, போர்டிலிருந்து முப்பது மீட்டருக்கு மேல் போனால் 4 சதுர மி.மீ. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். பச்சை வயரை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள், கையிருப்பில் அது ஒன்றுதான் இருந்தாலும்.

வயல் ஓரத்து வீடுகளில் எலியும் பெருச்சாளியும் பி.வி.சி. பைப்பைக் கடித்து வயர்வரை போய்விடும். தரைக்கு மேல் ஜி.ஐ. பைப், தரைக்குள் ஆர்மர்டு கேபிள். முக்கால் மீட்டர் ஆழத்தில் மணல் பரப்பி, கேபிளை வைத்து, மேலே மணல், அதன்மேல் செங்கல் வரிசை. நாளைக்குத் தென்னங்கன்றுக்குக் குழி வெட்டுகிறவருக்கு அந்தச் செங்கல்தான் எச்சரிக்கை.

லேத்துக்குப் பக்கத்தில் வருவது மிக முக்கியமான பகுதி. பழைய லேத்துகளில் முன்-பின் ஓட ஒரு கைச் சுவிட்ச் மட்டும் இருக்கும். கரண்ட் போனால் அது ஆன் நிலையிலேயே நிற்கும். நீங்கள் ஜாப்பை (கடையும் பொருளை) கழற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் திரும்பினால், அதைப் பிடித்திருக்கும் சக் சுற்ற ஆரம்பித்துவிடும். நம் ஊரில் கரண்ட் எத்தனை தடவை போய் வருகிறது என்று உங்களுக்கே தெரியும். அந்தச் சுவிட்ச்சுக்கு முன்னால் காண்டாக்டர் உள்ள டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் கட்டாயம் இருக்க வேண்டும். கரண்ட் போனதும் அதன் காந்தச் சுருள் பிடியை விட்டுவிடும், பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் ஓடும்.

அந்த ஸ்டார்ட்டரின் ஓவர்லோடு ரிலேயை மோட்டார் தகட்டில் உள்ள ஆம்ப்ஸுக்கே வையுங்கள். அடிக்கடி விழுகிறது என்று கூட்டிக்கொண்டே போனால் ரிலே பிழைக்கும், மோட்டார் எரியும்.

டிரான்ஸ்பார்மரில் ஒரு பியூஸ் போனால் இரண்டு பேஸில் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும், சில நிமிடத்தில் வைண்டிங் கருகும். சிங்கிள் பேஸ் பிரிவென்டர் என்ற சின்னக் கருவி இதைத் தடுக்கும். ரீவைண்டிங் செலவை நினைத்தால் இதன் விலை சொற்பம்.

காளான் தலை போன்ற சிவப்பு எமர்ஜென்சி ஸ்டாப் ஒன்றை, நீங்கள் நின்று வேலை செய்யும் இடத்திலிருந்து கையை சக்குக்கு மேலே கொண்டுபோகாமல் தட்டக்கூடிய இடத்தில் வையுங்கள். பெரும்பாலும் தலைப்பக்கத்திலேயே வைத்துவிடுகிறார்கள். துணி மாட்டி இழுக்கும்போது கை அந்தப் பக்கம் போகாது.

விளக்கு வேறு லைனில் இருக்கட்டும், லேத்து ட்ரிப் ஆகும்போது இருட்டாகக் கூடாது. பழைய சோக் போட்ட ஒற்றை டியூப் லைட் வெளிச்சத்தில் சுற்றுகிற சக் நிற்பதுபோலவே தெரியலாம், அதைத் தவிர்த்து நல்ல எல்.இ.டி. போடுங்கள்.

ஜெனரேட்டர் வைப்பவர்கள் நான்கு போல் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் இணைக்கவே கூடாது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு, போஸ்ட் எல்லாம் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படி ஒரு நேரத்தில் உங்கள் ஜெனரேட்டர் கரண்ட் மெயின் வழியாகத் திரும்பிப் போனால், டிரான்ஸ்பார்மர் அதை உயர் அழுத்தமாக மாற்றி லைனில் அனுப்பும். வெளியூரிலிருந்து வந்து கம்பத்தில் ஏறி நிற்கிற ஒருவர் அதில் போவார்.

11. முதல் ஓட்டம்

எண்ணெயை முதலில் பாருங்கள். பழையதை வடித்துவிட்டுத் தகட்டில் சொன்ன கிரேடை ஊற்றுங்கள், ஆல் கியர் லேத்துகளில் பெரும்பாலும் 68 கிரேடு. வடிந்தது பால் நிறமாக இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, டீசல் விட்டுக் கழுவி வடித்த பிறகு ஊற்றுங்கள்.

மோட்டார் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஒரு விநாடி ஓட்டுங்கள். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்ப்பதற்காக. மாறிச் சுற்றினால் மெயினை ஆஃப் செய்து, டெஸ்டரில் பார்த்துவிட்டு, ஏதாவது இரண்டு பேஸை இடம் மாற்றினால் சரி. இதைப் பெல்ட் மாட்டிய பிறகு கண்டுபிடித்தால் தொந்தரவு. மரை போட்ட ஸ்பிண்டில் உள்ள பழைய லேத்தில் மாறிச் சுற்றினால் சக் தானே கழன்று கீழே விழும். சில கியர் பாக்ஸ்களில் எண்ணெய் பம்ப் ஒரு பக்கம் சுற்றினால்தான் எண்ணெய் ஏற்றும்.

பெல்ட்டை மாட்டி, சக் இல்லாமல், குறைந்த வேகத்தில் அரை மணி நேரம். பேரிங் பக்கம் கை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிடுங்கள். அப்புறம் கிளாம்ப் மீட்டரில் மூன்று பேஸின் ஆம்ப்ஸையும் அளங்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகினால் லூஸ் கனெக்ஷனோ வைண்டிங் கோளாறோ இருக்கிறது.

ஓடும்போதே ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள், விழ வேண்டும். மறுபடி ஆன் செய்தால் லேத்து தானாக ஓடக் கூடாது. எமர்ஜென்சி ஸ்டாப்பையும் தட்டிப் பாருங்கள். இந்த மூன்றும் வயர்மேன் கிளம்பும் முன் உங்கள் கண்ணெதிரே நடக்க வேண்டும்.

வேட்டி, லுங்கி, தோளில் துண்டு, கையில் கயிறு, மோதிரம் எதுவும் லேத்துப் பக்கம் கூடாது. சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு ஆன் செய்வது புதியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்வது. கையை விட்டால் சாவி வெளியே வந்துவிடும்படி அதில் ஒரு ஸ்பிரிங் போட்டுக்கொள்ளுங்கள்.

12. ஒரு மாதம் கழித்தும், ஐப்பசி மழைக்குப் பிறகும்

நாற்பது மி.மீ. கம்பியைச் சக்கில் மட்டும் பிடித்து, டெயில் ஸ்டாக் கொடுக்காமல், நடுவைக் குறைத்து, ஆறு அங்குல இடைவெளியில் இரண்டு வளையம் விட்டுவிடுங்கள். டூலின் வெட்டு ஆழத்தை மாற்றாமல் இரண்டு வளையத்தையும் மெல்லிய வெட்டில் கடைந்து மைக்ரோமீட்டரில் அளங்கள். வெளிமுனை வளையம் பெரிதாக இருந்தால், டெயில் பக்கத்தில் நீங்கள் நிற்கும் பக்கத்துக் காலை மெல்லிய தகடு கொடுத்து உயர்த்துங்கள். சிறிதாக இருந்தால் எதிர்ப்பக்கத்துக் கால்.

இதை முதல் மாத முடிவில் ஒருமுறை செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் ஊறிய பிறகு மறுபடி ஒருமுறை. கோடையில் போட்ட தளம் முதல் மழைக்குக் கொஞ்சமாவது அசைந்தே தீரும். அதே நாளில் எர்த் டெஸ்டரையும் வரவழைத்து அளந்து, சுவரில் பழைய எண்ணுக்குக் கீழே புதியதை எழுதுங்கள். சித்திரை வெயிலில் இன்னொரு தடவை அளக்கும்போது எண் ஏறியிருந்தால், புனலில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற ஆரம்பியுங்கள்.